பிடரியில் ஓர் இரைச்சல்

நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று தெரியவில்லை, நின்றது மட்டும் இப்போதுதான் தெரிகிறது. மின்விசிறி ஓடும்போது அதன் சத்தம் யாருக்குக் கேட்கிறது, கரண்ட் போனபிறகுதானே இவ்வளவு நேரம் ஓடிக்கொண்டிருந்ததா என்று நிமிர்ந்து பார்க்கிறோம், அப்படி. பிடரியில், முடி முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, தோலுக்கடியில் எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. தலைவலிக்கென்று மதுரையில் ஆபரேஷன் செய்து, நரம்பைத் தூண்டுகிற மிசினை வைத்த நாளிலிருந்து எழுந்தாலும் படுத்தாலும் என்கூடவே இருந்த குறுகுறுப்பு. இப்போது இல்லை. கையை வைத்துப் பார்க்கிறேன். தழும்பு இருக்கிறது. வயர் ஓடுகிற மேடு காதுக்குப் பின்னாலிருந்து கழுத்து வழியாக இறங்குவது விரலுக்குத் தட்டுப்படுகிறது. இடது காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் மிசின், சட்டைக்கு மேலேயே தொட்டால் தெரிகிறது. வைத்ததெல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது, ஊர்வதுதான் இல்லை. ஒருவேளை இருக்கிறதோ, நான்தான் கவனிக்கவில்லையோ, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுப் பார்க்கிறேன். கேட்பது என்று சொல்லக்கூடாது, அது காதில் கேட்கிற விஷயமில்லை, ஆனால் எனக்கு எல்லாமே கேட்கிற விஷயம்தான், விவரம் தெரிந்த நாளிலிருந்து மைக் செட்காரன். கஸ்பார் மைக் செட்டில் இரைச்சல் இருக்காது என்று இந்தக் கடற்கரை முழுக்கப் பேச்சு. ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் உம்ம் என்று ஒன்று வருமே, எர்த் சரியில்லாவிட்டால், ஒரு வயர் இன்னொரு வயரின்மேல் கிடந்தால், அந்தச் சத்தத்தைத் தேடிப் பிடித்து ஒழிக்கிறவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. ஊரெல்லாம் இரைச்சலை ஒழித்தவன் இன்றைக்கு ஒரு கல்யாணத்தில் கோயிலின் கடைசித் தூணோரம் மிக்சரின் முன்னால் உட்கார்ந்து என் மண்டையில் இருந்த இரைச்சலைக் காணோம் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். எனக்கே சிரிப்பு வருகிறது. வரட்டும், சிரிப்பு வருகிறவரைக்கும் வலி வரவில்லை என்று அர்த்தம்.

ஸ்பீக்கர் பாக்ஸ்தான். வேறு எதுவாக இருக்கமுடியும். மத்தியானம் வந்து இறங்கியபோது இன்னாசி ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போயிருந்தான். இன்னாசி என் மைத்துனன், என் மனைவி பிலோமியின் தம்பி. ஆபரேஷனுக்குப் பிறகு தூக்குகிற வேலை முழுவதும் அவனுடையது, நான் மிக்சரில் உட்காருவது மட்டும், அது பிலோமி போட்ட சட்டம். பெண்ணின் அப்பா வந்து, பீடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு பாக்ஸ் வேண்டும், முன்வரிசைக்குக் கேட்காது, இப்போதே வையுங்கள் என்று நின்றார். அவர் நின்ற நிற்பில் நான் யோசிக்கவில்லை, கை யோசிக்கவில்லை. பாக்ஸ் தூக்குவதற்கு எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. அதன் முகத்தை வெளியே காட்டித் தூக்கக்கூடாது, கதவு நிலையில் உரசினால் வலை கிழியும், உள்ளே காகிதம் கிழிந்தால் அப்புறம் அந்த ஸ்பீக்கர் செத்தாலும் ஒழுங்காகப் பேசாது. முகத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி கட்டிப்பிடித்துத் தூக்கவேண்டும். கட்டிப்பிடித்தேன். இடது பக்கமா வலது பக்கமா என்று பெண்ணின் அப்பா முடிவெடுக்கிறவரைக்கும், பெரிய மனுஷன், அவசரப்படுத்தவும் முடியாது, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே நின்றேன். உள்ளே இருப்பது சோற்றுத் தட்டு அளவுக்குக் காந்தம். மதுரையில் டாக்டரம்மா படித்துப் படித்துச் சொன்னார், பெரிய காந்தம் பக்கத்தில் வந்தால் மிசின் அணைந்துபோகும், அணைந்தால் ரிமோட்டை வைத்துத்தான் திரும்பப் போடமுடியும் என்று. நான் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். பிலோமிதான் குறுக்கே புகுந்து, ஸ்பீக்கரிலும் காந்தம் உண்டுமே, இவர் அதைத்தானே நாள் முழுக்கக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிகிறார் என்று கேட்டாள். அதற்குமேல் டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துப் பேசவேயில்லை, எல்லாவற்றையும் அவளிடமே சொன்னார். சொன்னதில் இன்னொன்றும் இருந்தது, அதுதான் இப்போது குத்துகிறது. பாரம் தூக்கிக் கழுத்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் உள்ளே வயர் நழுவலாம். நழுவினால் மிசின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் நரம்புக்குப் போய்ச் சேராது. அதையும் தாண்டி, சிலருக்குக் கொஞ்ச நாளில் மிசின் ஓடினாலும் பலன் விட்டுப்போகும், அதற்கு யாரும் உத்தரவாதம் தரமுடியாது என்றும் சொன்னார். அப்படியானால் அணைந்ததா, நழுவியதா, விட்டுப்போனதா. மூன்றுக்கும் அடையாளம் ஒன்றுதான், குறுகுறுப்பு இல்லை.

மணி மூன்றரை தாண்டிவிட்டது, பெண்ணழைத்து வந்துவிட்டார்கள், பாட்டுக்குழு ஆர்கனோடு சேர்ந்து வருகைப் பாட்டை எடுக்கிறது, மூன்று பெண்களும் ஒரே மைக்கை விழுங்கப் பார்க்கிறார்கள், கொஞ்சம் குறைக்கிறேன். நாலு மணி. எனக்கு வலி வருகிற நேரம் நாலு மணி. மற்றவர்களுக்குக் காப்பித் தண்ணி நேரம். மழையோ வெயிலோ, ஞாயிறோ திங்களோ, வெளியூரோ உள்ளூரோ, நாலு மணிக்கு அது வந்துவிடும், அதற்கு மணி பார்க்கத் தெரியும். முதலில் இடது கண் இமையில் ஓர் அரிப்பு. பிறகு அந்தக் கண் மட்டும் ஒழுகும். இடது மூக்கு அடைத்துக்கொள்ளும், இல்லையென்றால் தண்ணீராக ஊற்றும். இமை தானாகச் சரிந்துவிடும், கண்ணாடியில் பார்த்தால் முகத்தில் பாதி வேறு யாருடையதோ என்று இருக்கும். அப்புறம் கண்ணுக்குப் பின்னாலிருந்து கிளம்பும். அதை வலி என்று சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. பல்வலி வலி, கால் இடறினால் வலி. இது வந்தால் நான் இருக்கமாட்டேன், கஸ்பார் என்று ஒருத்தன் அங்கே இருக்கமாட்டான், கண்ணைப் பிடுங்கி எறிந்தால் போதும் என்கிற நினைப்பு மட்டும் இருக்கும். தலைவலிக்காரர்கள் இருட்டறையில் படுத்துக்கொள்வார்களாம், எனக்குப் படுக்கவும் முடியாது உட்காரவும் முடியாது, நடக்கவேண்டும், ஓடவேண்டும், வேனில் தலையை மோதவேண்டும். வீட்டில் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று உப்பளத்துக்குப் போய்விடுவேன், வரப்பு வரப்பாக நடப்பேன், அங்கே கத்தினால் யாருக்கும் கேட்காது, உப்பு வாருகிற பெண்கள் முதலில் குடித்திருக்கிறான் என்று நினைத்தார்கள், அப்புறம் பேய் என்றார்கள், கடைசியில் பழகிப்போய் நாலரைக்காரர் வந்துட்டார் என்று வழிவிட்டார்கள். அவர்களுக்கு நான் வந்துசேர நாலரை ஆகும். பல் என்று நினைத்து இரண்டு கடவாய்ப் பல்லைப் பிடுங்கினேன், இரண்டும் நல்ல பல். கண்ணாடி மாட்டினேன். தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள், எண்ணெய் ஓதித் தந்தார்கள், உவரிக் கோயிலுக்கு நடந்துபோய்ப் படுத்துக்கிடந்தேன். முதலில் பனிக்காலத்தில் மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தது, மிச்ச மாதமெல்லாம் நான் மனுஷன். அப்புறம் போக மறந்துவிட்டது, வருஷம் முழுக்க நாலு மணி. மதுரையில்தான் அதற்குக் கொத்துத் தலைவலி என்று பெயர் சொன்னார்கள். பெயர் தெரிந்த அன்று பிலோமி பஸ்ஸில் அழுதாள், சந்தோஷத்தில்தான், இத்தனை நாள் என் புருஷன் நடிக்கிறான் என்று சொன்னவர்கள் முகத்தில் அந்தப் பெயரை எறியலாம் என்று.

பாதிரியார் பூசையை ஆரம்பித்துவிட்டார். பங்குச்சாமிக்கு மைக்கைத் தட்டிப் பார்க்காமல் பேச்சு வராது, தட்டுகிறார், ஊதுகிறார். கேட்குதா என்கிறார், கேட்கிறது சாமி, நீங்கள் தட்டுவது பக்கத்து ஊருக்கும் கேட்கிறது. தட்டட்டும். எனக்கு அந்த மாடிதான் ஞாபகத்துக்கு வருகிறது. வரக்கூடாது என்று எவ்வளவு தள்ளினாலும் வருகிறது. போன வருஷம், கரண்ட் இல்லாத ஒரு சாயந்திரம், ஆக்சிஜன் சிலிண்டர் தீர்ந்துபோய் மாற்றுச் சிலிண்டர் வரவில்லை. முகமூடியை மாட்டி அந்தக் காற்றை இழுத்தால்தான் எனக்குக் கொஞ்சமாவது அடங்கும், அது இல்லை. எப்படி மாடிக்குப் போனேன் என்று தெரியாது. கைப்பிடிச் சுவர்மேல் ஒரு கால் வைத்தது தெரியும். பிலோமி பின்னாலிருந்து நான் கட்டியிருந்த சாரத்தின் முனையைப் பிடித்துவிட்டாள், பிடித்ததும் சாரம் அவிழ்ந்து, இப்போது நினைத்தால் அதுவும் சிரிப்புதான், அரை நிர்வாணமாக நானும் சாரத்தைக் கையில் சுற்றிக்கொண்டு அவளும் மாடியில் உட்கார்ந்திருந்தோம். அவள் அழவில்லை. கத்தவில்லை. விலை பேசுகிறவள் மாதிரி நிதானமாகச் சொன்னாள். "மதுரையில சொல்லுதாகல்லா, அந்த மிசினையும் ஒருக்கா வச்சிப் பாப்போம். அதுக்குப் பொறவும் வந்துச்சின்னா நான் ஒங்களப் பிடிக்கமாட்டேன்." இவ்வளவுதான் சொன்னாள். நான் சரி என்றேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை, ஆனால் வீட்டுக்குள் அது எங்களோடுதான் சாப்பிடுகிறது, எங்களோடுதான் தூங்குகிறது. ஆபரேஷன் மேசையில் மயக்க ஊசி போடும்போது எனக்குப் பயமே இல்லை, ஒன்று இதில் வலி கேட்கும், இல்லையென்றால் விடுதலை என்றுதான் படுத்தேன். நான் அவ்வளவு லேசாகப் படுத்திருந்தது பிலோமிக்குத் தெரிந்துதான் இருந்தது, வெளியே ஜெபமாலையை உருட்டிய உருட்டில் மணி அறுந்துபோனது என்று இன்னாசி பிறகு சொன்னான்.

இப்போது லேசு இல்லை. அதுதான் கஷ்டம். மிசின் வைத்த மறுநாளே போய்விடும் என்று நினைத்திருந்தேன், போகவில்லை, கெடு வைத்த மாதிரி நாலு மணிக்கு வந்தது, பிலோமி என்னைப் பார்க்கமாட்டாள், நான் அவளைப் பார்க்கமாட்டேன். பொறுக்கவேண்டும், நரம்பு பழக நாளாகும் என்று மதுரையிலிருந்து போனில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மெல்ல மெல்லக் குறைந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆனது, வந்தாலும் பாதியில் திரும்பிப்போனது, போன மாதம் முழுக்க வரவேயில்லை. சிலிண்டர்மேல் இப்போது பிலோமி துண்டு காயப்போடுகிறாள். நான் நாலு மணிக்குக் காப்பி குடித்தேன், வீட்டு வாசலில் உட்கார்ந்து எல்லோரையும் போலக் காப்பி குடித்தேன். ருசி கண்டுவிட்டேன். இனி விடுதலை கிடுதலை ஒன்றும் எனக்கு வேண்டாம், எனக்குக் காப்பிதான் வேண்டும். வேண்டும் என்று ஆனபிறகுதான் பயம் வருகிறது. இன்றைக்கு வலி வந்தால் என்ன அர்த்தம்? மிசின் அணைந்திருந்தால் ஒன்றுமில்லை, ரிமோட்டை வைத்துப் போட்டால் தீர்ந்தது. மிசின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வந்தால்? அப்படியானால் கடைசி மருந்தும் போயிற்று, மாடியில் பேசினது பேசினதுதான். சரி, வராமலே போனால்? அதிலும் நிம்மதி இல்லை. அணைந்த மிசினோடு நாலு மணி சும்மா கடந்துபோனால், இத்தனை நாளும் அதைப் பிடித்துவைத்திருந்தது மிசின் இல்லை, பருவம் தானாக ஓய்ந்திருக்கிறது, ஓய்ந்தது தானாகத் திரும்பும். வந்தாலும் பயம், வராவிட்டாலும் பயம். இதெல்லாம் ரிமோட் கையில் இருந்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். ரிமோட் வீட்டில், மாதா சிலை இருக்கிற கண்ணாடிக் கூட்டுக்குள், சுரூபத்தின் காலடியில் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் வைத்தது பிலோமி. நான்தான் காரணம், கையில் வைத்திருந்தால் சும்மா இருக்குமா மைக் செட்காரன் கை, கொஞ்சம் கூட்டிப் பார்ப்போம், கொஞ்சம் குறைத்துப் பார்ப்போம் என்று மிக்சரைத் திருகுகிற மாதிரி திருகித் திருகி, ஒருநாள் தோள்பட்டை தானாகத் துள்ளியது. மதுரையில் வசவு வாங்கினேன். அன்றைக்குப் பூட்டினாள், ராத்திரி ஜெபம் சொல்லும்போது மட்டும் கூட்டைத் திறந்து அவளே வைத்துப் பார்த்து, ஓடுது, என்று சொல்லிவிட்டுப் பூட்டுவாள்.

போன் செய்யலாம். செய்தால் சொல்லவேண்டியது வரும், பாக்ஸைத் தூக்கினேன் என்று. அது கிடக்கட்டும், திட்டினால் திட்டட்டும். குரலைக் கேட்டதும் அவளுக்கு என்ன தோன்றும் என்பதுதான். நாலு மணிக்கு என் போன் வந்தால் அவள் மனசு நேரே எங்கே போகும், அந்தக் கைப்பிடிச் சுவருக்குத்தானே போகும். வராத வலிக்கு அவளை ஏன் அலறவைக்க. ஒன்றும் வரவில்லை. பிரசங்கம் ஆரம்பித்திருக்கிறது. மாப்பிள்ளை கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறான். பெண் தலைகுனிந்து இருக்கிறது, ஜெசிந்தா, மெல்லிய குரல், கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த அன்று அது சாமியிடம் பதில் சொன்னது அதற்கே கேட்டிருக்காது. சம்மதம் கேட்கும்போது பார்த்துக் கூட்டவேண்டும். இந்தத் தொழிலில் நான் கற்றது அந்த ஒரு நொடிதான், பெண் வாயைத் திறப்பதற்கு ஒரு மூச்சுக்கு முன்னால் வால்யூமைத் தள்ளவேண்டும், முந்தினால் மைக் ஊளையிடும், பிந்தினால் அந்தச் சொல் போய்விடும், போனது போனதுதான், இன்னொரு தரம் சொல்லம்மா என்று சாமி சொன்னால் கோயிலே சிரிக்கும், அந்தப் பெண் வாழ்நாளெல்லாம் அதைச் சுமக்கும். அரிக்கிறது. இல்லை. ஆமாம், இமை. இடது. வேர்வையாக இருக்கும், கோயிலுக்குள் புழுக்கம். துடைத்தேன். விரல் ஈரம். வலது கண்ணைத் துடைத்தேன், காய்ந்து கிடக்கிறது. மூக்கை இழுத்துப் பார்க்கிறேன், வலது பக்கம் காற்று போகிறது, இடது பக்கம் போகவில்லை. போகவில்லை. சேசுவே. பரலோகத்தில் இருக்கிற, இல்லை, முதலில் போன். மிக்சர் பக்கத்தில் போன் வைத்தால் ஸ்பீக்கரில் டிக்டிக்கென்று வரும் என்று ஊரையே திட்டுகிறவன் நான், போனை எடுத்துக்கொண்டு தூணுக்கு அந்தப் பக்கம் குனிகிறேன். ஒரே மணியில் எடுத்துவிட்டாள். நான் பிலோமி என்றேன், அவ்வளவுதான் சொன்னேன்.

"பாக்ஸத் தூக்குனியளா?"

"ஆமா."

"ஓடுதான்னு தெரியுதா?"

"தெரியல. ஊர்ச்சல் இல்ல. கண்ணு ஒழுவுது."

அந்தப் பக்கம் மாதா கூட்டின் கண்ணாடிக் கதவு திறக்கிற கிறீச் கேட்டது, அந்தக் கீலுக்கு எண்ணெய் விடவேண்டும் என்று எத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். "சிலிண்டரையும் தூக்கிட்டு வாரேன். நான் வார வரைக்கும் கோயில விட்டு எங்கயும் போவக்கூடாது, கேட்டியளா, எங்கயும்" என்றாள். எங்கேயும் என்றால் எங்கே என்று இரண்டுபேருக்கும் தெரியும். திரும்பி வந்து உட்காருகிறேன். ஆட்டோ கிடைக்கவேண்டும், பக்கத்து ஊர்தான், ரயில்வே கேட் போட்டிருந்தால் தொலைந்தது. கிளம்பிவிட்டது. கண்ணுக்குப் பின்னால் அது எழுந்து உட்கார்ந்து சோம்பல் முறிக்கிறது, எனக்கு அதன் ஒவ்வொரு அசைவும் தெரியும், ஒரு மாதம் ஊருக்குப் போய்வந்தவன் தன் வீட்டுத் திண்டில் சாய்கிற மாதிரி சாய்கிறது. கால் ஆடுகிறது. நிறுத்துகிறேன், மறுகால் ஆடுகிறது. எழுந்து ஓடவேண்டும், உப்பளத்துக்கு, எங்கேயாவது. சாமி இன்னும் பிரசங்கத்தில், சேசு தண்ணீரைத் திராட்சை ரசமாக்கின கானாவூர்க் கல்யாணத்தில்தான் இருக்கிறார், ரசம் தீர்ந்துபோயிற்று, மாதா சொல்லிவிட்டார், சீக்கிரம் சாமி, சீக்கிரம் சாடிகளை நிரப்புங்கள். இன்னாசி பக்கத்தில் வந்து நின்றான், என் முகத்தைப் பார்த்தான், பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது, இமை சரிந்திருக்கும். "அத்தான், நான் பாத்துக்கிடுதேன், நீங்க வேனுக்குப் போங்க" என்றான். போகலாம்தான். அவன் நல்ல பையன்தான், ஆனால் அவன் எப்போதும் ஒரு மூச்சு பிந்துவான். தலையை ஆட்டினேன், ஆட்டியதும் மண்டைக்குள் சூட்டுக்கோல் இறங்கியது. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறேன். மணமக்களை எழுந்து நிற்கச் சொல்கிறார்கள். மாப்பிள்ளை சொல்கிறான், அவன் குரல் கூடைமீன் ஏலம் விடுகிற குரல், அதற்கு என் உதவி தேவையில்லை. சுகத்திலும் நோயிலும் என்கிற இடம் வருகிறது. எத்தனை கல்யாணத்தில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டாயிற்று, ஹெட்போனில் கேட்கும்போது சத்தம் சரியாக இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன், சொன்னது என்ன என்று கேட்டதில்லை. நோயில் என்றால் எவ்வளவு நோயில், அதற்கு ஓர் அளவு வேண்டாமா, பிலோமி அதைச் சொன்னபோது அவளுக்கு இருபது வயது, அன்றைக்கும் கோயிலில் மைக் செட் என்னுடையதுதான், மாப்பிள்ளைக் கோலத்தில் மிக்சரைப் பார்த்துக்கொண்டே தாலி கட்டினேன் என்று இன்னும் சொல்லிக்காட்டுவாள். இப்போது பெண். ஜெசிந்தா தலையைத் தூக்குகிறது. ஒரு கண்ணால்தான் பார்க்கமுடிகிறது. தோள் ஏறுகிறது, மூச்சை எடுக்கிறது, விரல், தள்ளு, இப்போது. சம்மதிக்கிறேன் சாமி. கேட்டது. கடைசி வரிசைக்கும் வெளியே பந்தலுக்கும் பிசிறில்லாமல் கேட்டது. அந்தப் பெண்ணே தன் குரலைக் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது. ஹெட்போனைக் கழற்றி இன்னாசியின் கையில் திணித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே வந்துவிட்டேன்.

வெயில். வேனின் பின்கதவு, அதன் தகரத்தில் நெற்றியை வைக்கிறேன், சுடுகிறது, சுடட்டும், அந்தச் சூடு தெரிகிற அளவுக்கு நான் இன்னும் இருக்கிறேன். மோதக்கூடாது, உள்ளே பூசை நடக்கிறது. ஒருமுறை மோதினேன். இன்னொருமுறை. மணல்மேல் நடக்கிறேன், வேனைச் சுற்றி, கொடிமரத்தைச் சுற்றி, திரும்ப வேனைச் சுற்றி. ஓடுகிறதா அணைந்ததா, ஓடுகிறதா அணைந்ததா, காலும் அதையே சொல்கிறது, கண்ணைப் பிடுங்கு, கண்ணைப் பிடுங்கு, ஓடுகிறதா, மாதாவே அணைந்திருக்கவேண்டும், ஓடினால் நான் போகவேண்டும், எனக்குப் போகவேண்டாம், வாய்விட்டுச் சொன்னேனா என்னவோ, தென்னை நிழலில் நின்ற டிரைவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள், எனக்குப் போகவேண்டாம், காப்பி வேண்டும். ஆட்டோ சத்தம். புழுதி. பிலோமி இறங்குகிறாள், சிலிண்டரைக் கைப்பிள்ளையை இறக்குகிற மாதிரி இரண்டு கையாலும் அணைத்து இறக்குகிறாள், கட்டியிருந்த சேலைகூட மாற்றவில்லை, ஜாக்கெட் ஒரு நிறம் சேலை ஒரு நிறம். என்னைப் பிடித்து வேனின் படியில் உட்காரவைத்தாள். முகமூடியை மாட்டப் போனாள், நான் தட்டிவிட்டேன், முதலில் அது, என்று சட்டைப் பொத்தானைப் பிய்த்தேன். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ரிமோட்டை எடுத்தாள், காறை எலும்பில் வைத்தாள், இடம் தவறியது, திரும்ப வைத்தாள். அதன் சின்னக் கண்ணாடியில் என்ன தெரிகிறது என்று எனக்குத் தெரியவில்லை, என் ஒரு கண் மூடியிருந்தது, இன்னொரு கண்ணில் வேர்வை. அவள் முகத்தைத்தான் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு நேரம் ஒரு சொல்லைப் படிக்க யாருக்கு ஆகும். பிறகு அவள் முகம் ஓட்டு மேலிருந்து மழைத்தண்ணி சரிகிற மாதிரி மொத்தமாகச் சரிந்து அழுதது.

"அணைஞ்சி கெடக்கு. நல்லா அணைஞ்சி கெடக்குங்க."

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சிரிப்புச் சத்தம் மாதிரி அது இருந்திருக்காது, டிரைவர்களில் ஒருத்தன் ஓடிவந்தான். வலி உச்சியில் நிற்கிறது, கண்ணைத் திருகி எடுக்கிறது, இப்படி ஒரு வலியில் ஒரு மனுஷனுக்குச் சந்தோஷம் வரலாமா, வருகிறதே, என்ன செய்ய. அணைந்ததால்தான் வந்திருக்கிறது. அப்படியானால் இத்தனை நாளும் பிடித்துவைத்திருந்தது இதுதான், இந்தத் தீப்பெட்டிதான், பருவமும் இல்லை கிருவமும் இல்லை. நாளைக்கும் பிடிக்கும். பிலோமி பொத்தானை அழுத்தினாள். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை, அப்புறம் பிடரியில் முதல் எறும்பு, இரண்டாவது எறும்பு, அப்புறம் கூட்டமாக. ஊருது, என்றேன். முகமூடியை மாட்டிவிட்டாள், சிலிண்டரைத் திருகினாள், காற்று குளிர்ச்சியாக உள்ளே போகிறது. மிசினைப் போட்டதும் வந்த வலி திரும்பிப் போய்விடாது, வந்தது தன் நேரம் முடிந்துதான் போகும், இருக்கட்டும், இந்த ஒன்றை நான் உட்கார்ந்தே அனுப்பிவைப்பேன். அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, கொடிமரத்திடம் சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அன்னைக்கு மாடியில ஒண்ணு சொன்னேம்லா. சும்மா சொன்னது. ஓடிக்கிட்டு இருந்தாலும் பிடிச்சிருப்பேன்."

குனிந்து பார்த்தேன், என் வேட்டி முனை அவள் கைக்குள் இருந்தது, இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தாள், எப்போது பிடித்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. உள்ளே தாலி கட்டி முடித்துக் கைதட்டுகிறார்கள். கைதட்டல் அடங்கியதும் பந்தல் குழாய் ஸ்பீக்கரில் உம்ம் என்று லேசாக வருகிறது, இன்னாசி ஏதோ ஒரு மைக்கை மூடாமல் விட்டிருக்கிறான். எழுந்துபோய்ப் பார்க்கவேண்டும். போகவில்லை, கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.